ஒரே நாடு, எத்தனை வாக்குச்சீட்டு? மலையகத்திலிருந்து ஒரு வரலாற்றுக் கணக்கு

2024 செப்டெம்பர் 21 தொடங்கி 2025 மே 6 வரை எண்ணிப் பார்த்தால் எட்டு மாதம்கூட முழுசா இல்லை. அதற்குள் மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கும் வாக்காளர் மூன்று தடவை வாக்களித்தார். மூன்று தடவையும் மூன்று விதம்.

முதலாவது ஜனாதிபதித் தேர்தல். போட்டியிட்டவர்கள் 38 பேர். ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டு வரலாம், விரும்பினால் 1, 2, 3 என்று வரிசைப்படுத்தலாம். இரண்டாவது நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல். முதலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு கீழே உள்ள இலக்கங்களில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு. இங்கே 1, 2, 3 என்று எழுதக்கூடாது, புள்ளடிதான். மூன்றாவது பன்வில பிரதேச சபைக்கான தேர்தல். ஒரேயொரு புள்ளடி. சீட்டில் வேட்பாளர் பெயரே இருக்காது, கட்சியும் சின்னமும் மட்டும்தான்.

நான்காவதாக ஒன்றும் இருக்கிறது: மாகாண சபை. அதற்கும் தனியாக ஒரு முறை சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்த முறையில் இதுவரை ஒரு தேர்தல்கூட நடக்கவில்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

இப்படியான நிலையில் "நாடு முழுக்க, எல்லாத் தேர்தலுக்கும் ஒரே முறையை வைத்தால் என்ன?" என்று கேட்பது நியாயமான கேள்விதான். எங்கள் வாசிப்பு வட்டத்திலும் இது பல தடவை வந்துபோன வாதம். பேராதனைக் கலைப்பீடத்தில் படிக்கும் எங்களில் சிலர் கண்டி மாவட்டத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். அதனால் இந்தக் கேள்வியை மலையக மக்களின் வாக்குரிமை வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கலாம் என்று நினைத்தோம். பார்த்தபோது கேள்வியே கொஞ்சம் மாறிப்போனது.

குழப்பத்தின் விலை

முதலில் ஒரே முறை வேண்டும் என்பவர்களின் பக்கத்தைச் சரியாகச் சொல்லிவிடுவோம். அவர்களிடம் வலுவான ஆதாரம் இருக்கிறது.

2024 ஜனாதிபதித் தேர்தலில் அளிக்கப்பட்ட 13,619,916 வாக்குகளில் நிராகரிக்கப்பட்டவை 300,300. அதாவது 2.2 சதவீதம். ஐம்பத்து நான்கு நாள் கழித்து நடந்த பாராளுமன்றத் தேர்தலில் அளிக்கப்பட்டவை 11,815,246, நிராகரிக்கப்பட்டவை 667,240. அதாவது 5.65 சதவீதம். அதே நாடு, அதே வாக்காளர் இடாப்பு. வாக்களித்தவர்கள் குறைந்தார்கள், செல்லாத வாக்கு இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. வேண்டுமென்றே சீட்டைக் கெடுத்தவர்களும் இதில் இருப்பார்கள்தான். ஆனால் சீட்டின் சிக்கலுக்கு இதில் பங்கில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொரு கணக்கு. அந்த ஜனாதிபதித் தேர்தலில்தான் இலங்கை வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் சுற்று எண்ணப்பட்டது. அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31, சஜித் பிரேமதாசவுக்கு 32.76 சதவீதம். யாரும் பாதியைத் தாண்டவில்லை. ஏனைய 36 பேருக்கும் விழுந்த ஏறத்தாழ 33 இலட்சம் சீட்டுகளை எடுத்து, அவற்றில் இந்த இருவருக்கும் விருப்பு இருக்கிறதா என்று தேடினார்கள். கிடைத்தது 273,131. நூறு சீட்டில் எட்டு. மீதி 92 சீட்டுகளும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டன. 1978 அரசியலமைப்பு நமக்கு அந்த உரிமையைத் தந்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. பெரும்பாலானவர்கள் அதைத் தொடவே இல்லை. ஒரு தேர்தலில் 1, 2, 3 போடு, அடுத்ததில் போடாதே என்றால் ஆட்கள் என்னதான் செய்வார்கள்? எல்லாவற்றிலும் ஒரு புள்ளடியோடு வெளியே வருவது பாதுகாப்பு என்றுதான் நினைப்பார்கள்.

ஆகவே ஒரே முறை என்ற கோரிக்கை வெறும் சோம்பேறித்தனத்திலிருந்து வரவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு பின்னால் போவோம்.

ஒரே முறை இருந்த காலம்

இலங்கையில் ஏறக்குறைய ஒரே முறை மட்டும் இருந்த காலமும் உண்டு. 1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 21 வயது வந்த ஆண், பெண் எல்லாருக்கும் வாக்குரிமை வந்தது. அரசாங்க சபைக்கு 50 தொகுதிகள், தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு எடுத்தவருக்கு வெற்றி. பிரித்தானியாவிலிருந்து வந்த எளிமையான ஏற்பாடு.

"எல்லாருக்கும்" என்று எழுதினாலும், தோட்டத் தொழிலாளர்களுக்கு அது வேறு மாதிரி எழுதப்பட்டது. இலங்கையை நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர் என்று காட்ட வேண்டும், அல்லது ஐந்து வருட வதிவோடு நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெற வேண்டும். அப்படியிருந்தும் 1931இல் ஏறத்தாழ ஒரு இலட்சம் இந்திய வம்சாவளியினர் பதிவானார்கள். அந்த வருடம் அட்டனிலிருந்து போட்டியின்றித் தெரிவான பெரி. சுந்தரம் தொழில் அமைச்சரானார். 1936இல் அதே அட்டனிலிருந்து கோ. நடேசய்யர் தெரிவானார்.

1947இல் சோல்பரி அரசியலமைப்பின் கீழ் முதல் பாராளுமன்றத் தேர்தல். தெரிவு செய்யப்படுபவர்கள் 95 பேர். தோட்டங்கள் நெருக்கமாக இருந்த இடங்களில் தொகுதி முறை நம்ம ஆட்களுக்கு நன்றாகவே வேலை செய்தது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, எங்கள் கண்டி மாவட்டத்துக்குள் நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம் என்று இலங்கை இந்தியன் காங்கிரஸ் உறுப்பினர்கள் சபைக்குப் போனார்கள். தோட்ட மக்களின் வாக்கு வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளின் வெற்றிக்கும் உதவியது.

அதற்கு வந்த பதில் வேகமானது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், பிறப்பால் குடியுரிமை கோருபவரிடம் தந்தை இங்கே பிறந்ததற்கோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கோ ஆதாரம் கேட்டது. லயத்தில் பிறந்த பிள்ளைக்கே பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலம் அது. பூட்டனின் சான்றிதழுக்கு எங்கே போவது? 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்து பதிவுமூலம் குடியுரிமை பெற ஒரு சிறு வாசலைத் திறந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கடைசியில் கிடைத்தது ஒன்றரை இலட்சம் பேருக்கும் குறைவாகத்தான். அதே 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, குடிமக்களுக்கு மட்டுமே வாக்கு என்றார்கள்.

இந்தத் திருத்தம் தன்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொண்டது என்பதைக் கவனிக்க வேண்டும். அதில் "தமிழர்" என்ற சொல் இல்லை, "தோட்டத் தொழிலாளி" என்றும் இல்லை. எல்லாருக்கும் பொதுவான ஒரே விதி: குடிமகனா, வாக்கு உண்டு. கொடாக்கன்பிள்ளை என்ற வாக்காளரின் வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை போனது. 1953இல் அவர்களும் சட்டம் செல்லும் என்றுதான் தீர்ப்புச் சொன்னார்கள். காகிதத்தில் ஒரேமாதிரியாக இருக்கும் விதி நிலத்தில் ஒரு சமூகத்தை மட்டும் குறிபார்க்க முடியும் என்பதற்கு இந்த நாட்டில் இதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

அதோடு முடிந்ததா? இல்லை. தொகுதிகளைப் பிரித்தபோது 75,000 பேருக்கு ஒரு ஆசனம், 1,000 சதுர மைலுக்கு ஒரு ஆசனம் என்ற கணக்கு இருந்தது. அந்த 75,000 என்பது வாக்காளர் தொகை அல்ல, சனத்தொகை. ஆக, வாக்கு பறிக்கப்பட்ட தோட்ட மக்கள் ஆசனங்களைக் கணக்கிடும்போது எண்ணப்பட்டார்கள், வாக்களிக்கும்போது எண்ணப்படவில்லை. 1952 தேர்தலில் தொகுதிகள் 1947இல் இருந்தபடியே இருந்தன. வாக்காளர்களைத்தான் காணவில்லை. நம்ம தலைகளுக்காகக் கிடைத்த ஆசனங்களில் மற்றவர்கள் போய் உட்கார்ந்தார்கள்.

1977: மூன்று வாக்கு தந்த ஒரு ஆசனம்

அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு நீண்ட இடைவெளி. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மீதி 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். குடியுரிமை கிடைத்தவர்கள் மெல்ல மெல்ல வாக்காளர் இடாப்புக்குத் திரும்பினார்கள்.

1977இல் தொண்டமான் மறுபடி மக்கள் வாக்கால் பாராளுமன்றம் போனார். எப்படி என்பதில்தான் விசயமே இருக்கிறது. நாட்டின் பெரும்பாலான தொகுதிகளுக்கு ஒரு உறுப்பினர்தான். ஆனால் இனங்கள் கலந்து வாழும் சில இடங்களில் பல அங்கத்தவர் தொகுதிகள் என்ற ஏற்பாடு 1947 முதலே இருந்தது. நுவரெலியா - மஸ்கெலியா அப்படியான மூன்று அங்கத்தவர் தொகுதி. ஒரு வாக்காளருக்கு மூன்று வாக்கு, மூன்றையும் ஒருவருக்கே போடலாம். காமினி திசாநாயக்க முதலாவது, அநுர பண்டாரநாயக்க இரண்டாவது, தொண்டமான் மூன்றாவது. ஒரு அங்கத்தவர் தொகுதியாக இருந்திருந்தால் மூன்றாவது வந்தவர் வீட்டுக்குப் போயிருப்பார். பொது விதிக்கு வைத்த ஒரு விதிவிலக்கால்தான் மலையகத்துக்கு அந்த ஆசனம் கிடைத்தது.

பொது விதி பெரிய கட்சிகளுக்கே நியாயமாக இருக்கவில்லை. 1970இல் ஐக்கிய தேசியக் கட்சி 37.9 சதவீத வாக்கு எடுத்து 17 ஆசனம் பெற்றது. அதைவிடக் குறைவாக 36.9 சதவீதம் எடுத்த ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 91 ஆசனம். 1977இல் சக்கரம் திரும்பியது. ஐ.தே.க. 50.9 சதவீதத்தோடு 168 ஆசனங்களில் 140ஐ அள்ளியது. சுதந்திரக் கட்சி 29.7 சதவீதம் எடுத்தும் 8 ஆசனத்தில் நின்றது. ஏழு சதவீதமும் எடுக்காத தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனத்தோடு எதிர்க்கட்சியானது. அவர்களின் வாக்கு வடக்கு கிழக்கில் செறிந்து இருந்ததே அதற்குக் காரணம். எத்தனை பேர் உனக்குப் போட்டார்கள் என்பதைவிட அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதைத்தான் தொகுதி முறை முதலில் கேட்கும்.

விகிதாசாரமும் கண்டியும்

1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. ஆரம்பத்தில் ஒரு மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீத வாக்கு எடுக்காத கட்சிக்கு அங்கே ஆசனமே இல்லை. 1988இல் 15ஆவது திருத்தம் அதை 5 சதவீதமாகக் குறைத்தது. முஸ்லிம் காங்கிரசின் எம்.எச்.எம். அஷ்ரப் முன்வைத்த கோரிக்கையின் விளைவு அது. அதே 1988இல் 39ஆம் இலக்கச் சட்டம் நாடற்றவர்களாக மிஞ்சியிருந்த நம்ம மக்களுக்குக் குடியுரிமை வழங்கியது. வாக்கும் விகிதாசாரமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் மலையகத்துக்கு வந்து சேர்ந்தன.

இன்று 225 பேரில் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள், 29 பேர் தேசியப்பட்டியலில் வருகிறார்கள். நுவரெலியாவில் தமிழ் மக்கள் செறிந்து வாழ்கிறார்கள். 2015இல் அங்கே 8 ஆசனங்களில் 5 ஆசனங்களுக்குத் தமிழர்கள் தெரிவானார்கள். அங்கே தொகுதி முறை வந்தாலும் ஒன்றிரண்டு தொகுதிகளையாவது பிடிக்கலாம்.

கண்டி அப்படியல்ல. சனத்தொகையில் நான்கில் மூன்று பங்கு சிங்கள மக்கள். நாங்கள் நக்கிள்ஸ் அடிவாரத்தில் மடுல்கெல்ல, பன்வில என்று ஒரு பக்கம், நாவலப்பிட்டி, கம்பளை, புசல்லாவை என்று மறுபக்கம், தெல்தோட்டை, ஹேவாஹெட்ட என்று இன்னொரு பக்கம் சிதறி இருக்கிறோம். மாவட்டத்தில் 13 தொகுதிப் பிரிவுகள். எதிலும் தனியாக நின்று முதலாவதாக வருமளவுக்கு ஆட்கள் கிடையாது. ஆனால் மாவட்டம் முழுவதையும் ஒரே கூடையாக்கி 12 ஆசனத்தைப் பங்கிடும்போது கதை மாறுகிறது. மடுல்கெல்லையில் விழும் ஒரு விருப்பு வாக்கும் நாவலப்பிட்டியில் விழும் ஒரு விருப்பு வாக்கும் ஒரே ஆளின் கணக்கில் சேரலாம். 2015இலும் 2020இலும் வேலு குமார் கண்டியிலிருந்து தெரிவானது இப்படித்தான். அவரது அரசியலோடு உடன்படுவதும் உடன்படாததும் வேறு விசயம். அந்த ஆசனம் கண்டிக்குக் கிடைக்க ஒரு பாதை இருந்தது என்பதுதான் இங்கே முக்கியம்.

மனாபேயை எல்லாரும் திட்டுகிறார்கள். ஒரே கட்சிக்குள் அடிபிடி, பணத்தை இறைப்பது, மாவட்டம் முழுக்கச் சுவரொட்டி. எல்லாம் உண்மை. ஆனால் சிதறி வாழும் சமூகத்துக்கு அந்த அசிங்கமான கருவிதான் கையில் இருந்தது. 2024இல் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் தெரிவானதும் இதே முறையில்தான்.

ஒரு முறைக்காக நின்றுபோன தேர்தல்

உள்ளூராட்சிக்கு 2018 பெப்ரவரி 10 முதல் கலப்பு முறை. 60 சதவீதம் வட்டாரத்திலிருந்து, 40 சதவீதம் பட்டியலிலிருந்து. பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடும் சேர்ந்து வந்ததால், அதற்கு முன் சபை வாசலையே பார்க்காத தோட்டப் பெண்கள் உறுப்பினர்களானார்கள். அது பெரிய மாற்றம். மறுபுறம் உறுப்பினர் தொகை நாலாயிரத்துச் சொச்சத்திலிருந்து எண்ணாயிரத்தைத் தாண்டியது. பல சபைகளில் யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் இழுபறி.

மாகாண சபைக்கும் கலப்பு முறைதான் என்று 2017இல் 17ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். இங்கே பாதிக்குப் பாதி. அதற்குப் புதிய எல்லை நிர்ணயம் தேவை. அந்த அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தது. ஆதரவாக ஒரு வாக்குகூட விழவில்லை. கொண்டுவந்த அரசாங்கமே எதிர்த்தது. எல்லை இல்லாததால் புதிய முறையில் நடத்த முடியாது. சட்டம் மாறிவிட்டதால் பழைய முறையிலும் நடத்த முடியாது. மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பர் 21. அதன் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அன்று முதல் ஆளுநர் ஆட்சி.

எங்களில் பலருக்கு வாக்கு கிடைத்ததே அதற்குப் பிறகு. ஆக, மாகாண சபைக்கு ஒருமுறைகூட வாக்களிக்காத ஒரு தலைமுறை நாங்கள். தோட்டப் பாடசாலைகளில் அநேகமானவை மாகாணத்தின் கீழ்தான் வருகின்றன. ஆசிரியர் பற்றாக்குறையைப் பற்றிக் கேட்பதற்கு நாம் தெரிவுசெய்த ஒரு உறுப்பினர்கூட அங்கே இல்லை. நல்ல முறையைத் தேடுகிறோம் என்று சொல்லியே தேர்தலை நிறுத்திவைக்கலாம் என்பதையும் இந்த நாடு கற்றுக்கொண்டுவிட்டது.

அப்ப ஒரே முறை வேணுமா?

வெளியே கொஞ்சம் பார்ப்போம். இந்தியாவில் மக்களவைக்குத் தொகுதி முறை, மாநிலங்களவைக்கும் குடியரசுத் தலைவருக்கும் விருப்ப வரிசை முறை. ஐக்கிய இராச்சியத்தில் வெஸ்ட்மின்ஸ்டருக்கு ஒன்று, ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றத்துக்குக் கலப்பு முறை, வட அயர்லாந்துச் சபைக்கு இன்னொன்று. வட அயர்லாந்தில் வேறு முறை வைத்ததற்குக் காரணமே அங்குள்ள சிறுபான்மை தொகுதி முறையில் அடிபட்டுப்போகும் என்பதுதான். நியூசிலாந்து 1993இல் மக்களிடமே கேட்டுக் கலப்பு முறைக்கு மாறியது. ஒரு நாட்டுக்குள் பல முறை இருப்பது குறைபாடு என்று இவர்கள் யாரும் நினைக்கவில்லை.

நாங்கள் வந்து சேர்ந்த இடம் இதுதான். "ஒரே முறை" என்று சொல்லும்போது இரண்டு விசயங்களைப் போட்டுக் குழப்புகிறோம். ஒன்று, வாக்காளர் சீட்டில் எப்படி அடையாளம் போடுகிறார் என்பது. மற்றது, போட்ட வாக்கு எப்படி ஆசனமாகிறது என்பது. முதலாவதை ஒரேமாதிரி ஆக்கலாம், ஆக்கவும் வேண்டும். எல்லாத் தேர்தலிலும் இலக்கமா, புள்ளடியா என்று ஒரு முடிவுக்கு வரலாம். அதை மூன்று மொழியிலும் பாடசாலையிலேயே சொல்லிக் கொடுக்கலாம், தோட்டத்தில் பிரட்டுக் களத்திலேயே மாதிரிச் சீட்டைக் காட்டி விளக்கலாம். நிராகரிக்கப்பட்ட ஆறரை இலட்சத்துக்கும், தொடப்படாமல் கிடந்த முப்பது இலட்சம் சீட்டுகளுக்கும் அது பதிலாக இருக்கும்.

இரண்டாவது வேறு. ஜனாதிபதி ஒருவர்தான், அங்கே பாதிக்கு மேல் ஆதரவு இருக்கிறதா என்று தேடும் முறை பொருந்தும். வட்டாரத்து வடிகானுக்கும் பாதைக்கும் பொறுப்பாக ஒரு ஆள் வேண்டும், அங்கே வட்டார முறைக்கு அர்த்தம் இருக்கிறது. பாராளுமன்றத்தில் நாட்டின் எல்லாச் சமூகமும் இருக்க வேண்டும், அங்கே விகிதாசாரத்தைக் கைவிட்டால் முதலில் காணாமல் போவது சிதறி வாழ்பவர்கள்தான். பாராளுமன்றத்துக்கும் கலப்பு முறை என்ற பேச்சு ஒவ்வொரு அரசியலமைப்புச் சீர்திருத்தத்தோடும் வருகிறது. 2015இலும் வந்தது, இனியும் வரும். அப்போது நம்ம அரசியல்வாதிகளிடம் "எத்தனை சதவீதம் தொகுதி?" என்று கேட்பதோடு நின்றுவிடக்கூடாது. கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை என்று மாவட்டம் மாவட்டமாகக் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். இந்த முறையில் மடுல்கெல்லையில் விழும் வாக்கு எந்த ஆசனத்துக்குப் போய்ச் சேரும் என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் சொல்ல முடியாத முறை எவ்வளவு எளிமையாக இருந்தாலும் நமக்கு உதவாது.

அதற்கு முன்னால் ஒன்று. எந்த முறையிலாவது மாகாண சபைத் தேர்தலை நடத்துங்கள். பழைய முறைக்கே திரும்ப ஒரு சிறு சட்டத் திருத்தம் போதும். 1949இல் வாக்கைப் பறிக்க அவர்களுக்குத் தேவைப்பட்டதும் ஒரு திருத்தம்தான்.